ஒரே படிப்பு, இரண்டு சம்பளம்: நூலகர்களுக்காகப் பேரம் பேசுவது யார்?

நூலக அறிவியலில் முதுநிலைப் பட்டம், கூடவே நெட் தேர்ச்சி. இந்தத் தகுதியோடு யு.ஜி.சி. ஊதிய விகிதத்தில் கல்லூரி நூலகராகச் சேர்பவருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.57,700. உதவிப் பேராசிரியருக்கும் இதே தொகைதான். ஆனால், அதே தகுதியோடு சுயநிதிக் கல்லூரியில் சேரும் பலருக்குக் கிடைப்பது தொகுப்பூதியம்தான். வேலை அதேதான், கைக்கு வருவது மட்டும் ரொம்பக் குறைவு. ஏன் இப்படி?

ஆசிரியருக்கு இணையான சம்பளம் எப்படி வந்தது?

சும்மா வந்துவிடவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆசிரியர் வேலையைவிட அதில் சம்பளம் கூடுதல் என்பதும் அவர் விண்ணப்பிக்க ஒரு காரணம். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டே அது நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. பிறகு, பல்கலைக்கழகமே அந்த வகுப்பை ஏற்று நடத்தியது.

‘புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலைதானே’ என்ற பேச்சுக்கு அந்தப் படிப்புதான் பதில். 1957-ல் யு.ஜி.சி. அமைத்த நூலகக் குழுவுக்கும் ரங்கநாதனே தலைவர். கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்களுக்கு ஆசிரியர்களுக்கு இணையான சம்பளமும் அந்தஸ்தும் தர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. முதலில் படிப்பு, அடுத்து தகுதி, அதன் பிறகுதான் சம்பளம்.

அப்போ சங்கமே சம்பளத்தை வாங்கித் தருமா?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். தொழில்முறைச் சங்கம் வேறு, தொழிற்சங்கம் வேறு. முன்னது தகுதியையும் தரத்தையும் வரையறுக்கும். பின்னது நிர்வாகத்தோடு பேரம் பேசும்.

1876-ல் தொடங்கிய அமெரிக்க நூலகச் சங்கம், கல்வி அறக்கட்டளைகளுக்கான வரிவிலக்கு பெற்றது. அதனால், உறுப்பினர்களின் சம்பளத்துக்காக வாதாட அதற்கு வரம்பு உண்டு. அதற்காகவே 2000-களின் தொடக்கத்தில் தனியாக ஒரு துணை அமைப்பை உருவாக்கினார்கள். நூலகருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 40,000 டாலர் தர வேண்டும் என்று 2007-ல் அந்த அமைப்பு அறிவித்தது. அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால், நேர்காணலில் சொல்ல ஒரு எண் கிடைத்தது.

எண் மட்டும் போதுமா? கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில், பெண்கள் அதிகம் பார்க்கும் வேலைகளுக்குச் சம்பளம் குறைவு என்பதை நகர நிர்வாகம் நடத்திய ஆய்வே காட்டியது. நூலகர் பணியும் அதில் அடக்கம். இருந்தும் சம்பளம் உயரவில்லை. 1981 ஜூலையில் தொழிற்சங்கம் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான், இடைவெளியைக் குறைக்க சுமார் 15 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது.

நம் ஊரில் எது குறைகிறது?

அளவுகோல் இருக்கிறது. யு.ஜி.சி. விகிதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பேரம் பேசத்தான் ஆள் இல்லை. ஒரு துறையில் பத்து ஆசிரியர்கள் இருப்பார்கள். சிறிய கல்லூரியில் நூலகர் ஒருவர்தான். ‘இந்தச் சம்பளத்துக்கு வர ஆள் இருக்கு’ என்று நிர்வாகம் சொன்னால், அவர் தனியாளாக என்ன செய்ய முடியும்?

தொழில்முறைச் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியதில்லை. மூன்று விஷயங்களைச் செய்தாலே பெரிய உதவி. சம்பளம் குறிப்பிடாத வேலை விளம்பரங்களைத் தங்கள் குழுக்களில் பகிராமல் இருக்கலாம். யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பெயர் இல்லாமல் கணக்கெடுத்து வெளியிடலாம். தகுதிக்கேற்ற குறைந்தபட்சச் சம்பளம் இவ்வளவு என்று ஆண்டுதோறும் அறிவிக்கலாம்.

ரங்கநாதன் பிறந்தநாளான ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் தினம். மாலை, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் வழக்கம்போல நடக்கட்டும். அதே மேடையில் அந்தச் சம்பளப் பட்டியலையும் வெளியிட்டால், அடுத்த நாள் நேர்காணலுக்குப் போகும் இளம் நூலகர் வெறும் கையோடு போக வேண்டியிருக்காது.