திருத்தணியில இருந்து ஒரு லுங்கி பார்சல்: ஆர்டர் எந்த வழியா வந்தா கையில எவ்வளவு நிக்கும்?

"சம்பளம் பத்தல, ஆன்லைன்ல ஏதாவது விக்கலாம்னு இருக்கேன், அமேசானா மீஷோவா?" நம்ம சேனல் பார்க்கிறவங்க நிறைய பேருக்கு இருக்கிற கேள்வி இது. ஆனா அதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது வேற: ஆர்டர் விழுந்த பிறகு பேக் பண்றது யார், தூக்கிட்டுப் போறது யார், திரும்பி வந்தா செலவு யார் தலையில? உங்க லாபத்தை முடிவு பண்றது இந்த மூணும்தான்.

ஒரு ஊரை வெச்சே பார்ப்போம். திருத்தணி. நீங்க காலையில ரயில் பிடிச்சு சென்னை வேலைக்குப் போய், ராத்திரி திரும்பறவர்னு வெச்சுக்குங்க. பக்கத்துல பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கமெல்லாம் விசைத்தறி ஓடுது. சரக்கு கிடைக்கிறது கஷ்டமில்ல. ரெண்டு லுங்கி சேர்ந்த ஒரு செட்டை ஒரு பேச்சுக்கு ₹300-க்கு வாங்கி ₹500-க்கு விக்கறீங்க. பார்த்தா ₹200 லாபம். நிஜமா கையில எவ்வளவு நிக்கும்?

வழி 1: வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், சொந்த வெப்சைட்

இங்க எல்லாமே நீங்கதான். ஆர்டர் எடுக்கணும், அட்ரஸ் சரிபார்க்கணும், பேக் பண்ணி போஸ்ட் ஆபீஸ்லயோ கூரியர்லயோ போடணும். ஷிப்ராக்கெட் மாதிரி கம்பெனிகள் பல கூரியர்களை ஒரே இடத்துல காட்டி, வீட்டுக்கு ஆள் அனுப்பி எடுத்துக்குவாங்க. கமிஷன் இல்ல, கஸ்டமர் நம்பரும் உங்க கையில.

சிக்கல் கேஷ் ஆன் டெலிவரியில. கஸ்டமர் வாங்க மறுத்தா போன செலவும் உங்களுது, திரும்பி வந்த செலவும் உங்களுது. போக ₹70, திரும்பி வர ₹60, பேக்கிங் ₹10-னு வெச்சு 10 ஆர்டருக்குக் கணக்கு போடுங்க:

- முன்பணம் வாங்கி, ஒண்ணும் திரும்பலைன்னா: லாபம் ₹2,000, செலவு ₹800. கையில ₹1,200.
- 2 திரும்பினா: லாபம் ₹1,600, செலவு ₹920. கையில ₹680.
- 4 திரும்பினா: லாபம் ₹1,200, செலவு ₹1,040. கையில ₹160.
- 5 திரும்பினா: லாபம் ₹1,000, செலவு ₹1,100. ₹100 நஷ்டம்.

விலை மாறல, சரக்கு மாறல. திரும்பி வந்த எண்ணிக்கை மட்டும்தான் மாறுச்சு. அதனால இந்த வழியில யுபிஐ-ல முன்பணம் வாங்கறதுதான் முதல் விதி. கேஷ் ஆன் டெலிவரி கேட்கறவங்ககிட்ட, போக வர ஆகிற கூரியர் காசையாவது முன்கூட்டியே வாங்கிடுங்க.

வழி 2: மார்க்கெட்பிளேஸ், ஆனா பேக்கிங் உங்க வீட்ல

அமேசான்ல இதுக்கு ஈஸி ஷிப்னு பேரு. மீஷோவும் பெரும்பாலும் இப்படித்தான், ஃபிளிப்கார்ட்லயும் இந்த வழி இருக்கு. ஆர்டர் வந்ததும் நீங்க லேபிள் பிரிண்ட் எடுத்து ஒட்டி வைக்கணும், அவங்க ஆள் வந்து எடுத்துட்டுப் போவாங்க. கஸ்டமரைத் தேடி அலைய வேண்டாம். பதிலுக்குக் கட்டணம் இருக்கு. மீஷோ 2021-ல் ஜீரோ கமிஷன் கொண்டுவந்தது, ஆனா ஜீரோ கமிஷன்னா ஜீரோ செலவுன்னு அர்த்தமில்ல. வாங்கினவர் சரக்கைத் திருப்பி அனுப்பினா அந்த ஷிப்பிங் செலவு விக்கிறவர் கணக்குல ஏறும்.

சம்பளக்காரருக்கு இங்க பெரிய பிரச்சினை நேரம். பிக்கப் ஆள் பகல்ல வருவார், நீங்க சென்னையில இருப்பீங்க. வீட்ல அம்மாவோ தங்கச்சியோ பார்சலை எடுத்துக் கொடுக்க முடியுமான்னு முதல்லயே பேசிடுங்க. குறிச்ச நேரத்துக்குள்ள பார்சல் கிளம்பலைன்னா உங்க செல்லர் ரேட்டிங் அடி வாங்கும்.

ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியும் கூட்டமுமா இருக்கும், டிசம்பர் 31-ல் 365 படியிலயும் திருப்படித் திருவிழா நடக்கும். அந்த நாள்ல கூரியர் வண்டி ஊருக்குள்ள வர்றதே கஷ்டம். ஆனா பெங்களூர்ல ஆர்டர் போடறவருக்கு அது தெரியாது. முன்கூட்டியே செல்லர் பேனல்ல ஹாலிடே மோட் போட்டுடுங்க.

வழி 3: சரக்கை அவங்க குடோனுக்கே அனுப்பறது

அமேசான்ல எஃப்பிஏ, ஃபிளிப்கார்ட்ல எஃப்பிஎஃப். மொத்தமா சரக்கை அனுப்பிட்டா, பேக்கிங், டெலிவரி, ரிட்டர்ன் எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. நீங்க நிம்மதியா ஆபீஸ் போகலாம்.

ஆனா விக்குதோ இல்லையோ, இடத்துக்கு வாடகை ஓடும். விக்காததைத் திரும்ப எடுக்கவும் கட்டணம். அந்த குடோனை உங்க ஜிஎஸ்டி பதிவுல கூடுதல் வியாபார இடமா சேர்க்கணும். வேற மாநில குடோன்னா அந்த மாநிலத்துல தனிப் பதிவே எடுக்கணும். அதனால வாரம் தவறாம ஓடற சரக்குக்கு மட்டும்தான் இது. எந்தக் கலர் லுங்கி ஓடும்னே தெரியாதப்ப இந்தப் பக்கம் போகாதீங்க.

வழி 4: ஓஎன்டிசி

இங்க கஸ்டமர் பார்க்கிற ஆப் ஒண்ணு, நீங்க சரக்கு போடற ஆப் வேற, டெலிவரி பண்றவங்க வேறயா இருக்கலாம். டெலிவரியை நீங்களே பண்ணலாம், நெட்வொர்க்ல இருக்கிற கம்பெனிகிட்டயும் விடலாம். ரிட்டர்ன் வந்தா யார் பொறுப்புன்னு உங்க செல்லர் ஆப்கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிட்டு ஆரம்பிங்க.

நகரி பக்கத்துலதான், ஆனா வேற மாநிலம்

திருத்தணியில இருந்து ரயில்ல சில ஸ்டேஷன் தாண்டினா ஆந்திராவோட நகரி. சொந்தக்காரங்க அங்கயும் இங்கயும் இருப்பாங்க, தெலுங்கும் தமிழும் கலந்து ஓடற ஊர். ஆனா ஜிஎஸ்டிக்கு எல்லை எல்லைதான்.

2023 அக்டோபர் 1 முதல், வருஷத்துக்கு ₹40 லட்சத்துக்குள்ள பொருள் விக்கிற சின்ன வியாபாரி ஜிஎஸ்டி எண் இல்லாமலே மார்க்கெட்பிளேஸ்ல விக்கலாம். பான் கார்டு வெச்சு ஜிஎஸ்டி தளத்துல என்ரோல்மென்ட் எண் வாங்கினா போதும். முக்கிய நிபந்தனை: சொந்த மாநிலத்துக்குள்ள மட்டும்தான் விக்கணும். அதாவது கன்னியாகுமரிக்கு அனுப்பலாம், நகரிக்கு அனுப்ப முடியாது!

ஜிஎஸ்டி பதிவு எடுத்தவங்களுக்கு, தளம் 0.5% டிசிஎஸ் பிடிச்சு உங்க பேர்ல கட்டும் (2024 ஜூலைக்கு முன்னாடி இது 1%). வருமான வரி டிடிஎஸ் 0.1%. ஒரு தளத்துல உங்க வருஷ விற்பனை ₹5 லட்சத்துக்குள்ள இருந்து, பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தா அதுவும் கிடையாது. பிடிச்சது தொலைஞ்சு போகல, கணக்குத் தாக்கல் பண்ணும்போது எடுத்துக்கலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க: வியாபார வருமானம் வந்துட்டா ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-4 அல்லது ஐடிஆர்-3.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாலு விஷயம்

1. பெட்டி சைஸ். பல கூரியர்கள் நீளம் × அகலம் × உயரத்தை 5,000-ஆல் வகுத்து, அது நிஜ எடையை விட அதிகமா இருந்தா அதுக்குத்தான் காசு போடுவாங்க. 30 × 25 × 15 செ.மீ. பெட்டின்னா 2.25 கிலோ கணக்கு. அதே லுங்கியை 4 செ.மீ. உயரத்துல கூரியர் கவர்ல மடிச்சுப் போட்டா 0.6 கிலோ.

2. ஒரே சரக்கு, ரெண்டு கடை. கையில 20 செட் இருக்கு, மூணு தளத்துலயும் 20-ன்னு போட்டா, ஒரே நாள்ல 30 ஆர்டர் விழுந்தா என்ன பண்ணுவீங்க? கேன்சல் பண்ணினா ரேட்டிங் போச்சு. தளத்துக்கு இத்தனைன்னு பிரிச்சுப் போடுங்க.

3. பணம் வர்ற நாள். மார்க்கெட்பிளேஸ் காசு டெலிவரி ஆகி ஒரு வாரமோ அதுக்கு மேலயோ ஆகித்தான் வரும். அதுவரைக்கும் அடுத்த சரக்குக்குக் காசு வேணும். அதுக்காக பர்சனல் லோனோ கிரெடிட் கார்டோ எடுத்தா, இருக்கிற லாபத்தையும் வட்டி தின்னுடும். எமர்ஜென்சி ஃபண்டையும் தொடாதீங்க.

4. உங்க நேரத்துக்கு விலை. ஒரு பார்சலுக்கு 15 நிமிஷம்னா 10 பார்சலுக்கு ரெண்டரை மணி நேரம். மேல சொன்ன ₹680-ஐ அதால வகுத்தா மணிக்கு ₹272. அது உங்களுக்கு சரின்னா பண்ணுங்க. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வேற தொழில் பண்ணக்கூடாதுன்னு இருக்கான்னும் பாத்துக்குங்க.

எங்க யோசனை இதுதான்: முதல் 20 செட் வழி 1-ல், முன்பணத்தோட, தெரிஞ்ச வட்டத்துல. எது ஓடுதுன்னு தெரிஞ்சதும் வழி 2. ஒரு சரக்கு மூணு மாசம் விடாம ஓடினா மட்டும் வழி 3. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நோட்டுல அஞ்சு கட்டம் போடுங்க: வாங்கின விலை, விற்ற விலை, கட்டணம், கூரியர், திரும்பி வந்ததா. மாசக் கடைசியில கூட்டிப் பார்த்தா எந்த வழி உங்களுக்கு சோறு போடுதுன்னு அந்த நோட்டே சொல்லிடும்.

உங்க ஊர்ல என்ன சரக்கு, எந்த வழியில விக்கறீங்க? கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல உங்க கணக்கையே போட்டுப் பார்க்கலாம்.