தொழுவத்துக் கொசுவும் மூளைக் காய்ச்சலும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசி, செங்கோட்டை வட்டாரத்து வயல்களில் கார் நடவு நடைபெறும். மேயும் மாட்டின் பின்னே உண்ணிக்கொக்கு நடக்கும். வரப்பில் மடையான் காத்திருக்கும். கண்ணுக்கினிய காட்சிதான். ஆயினும் இத்தகைய வயல் நீரையும் பறவைகளையும் சார்ந்தே ஜப்பானிய மூளைக் காய்ச்சல் வாழ்கிறது என்பதை நம்மில் பலர் அறியோம்.

பெயரில் ஜப்பான் இருப்பினும், இந்தியாவில் இந்நோய் மனிதரிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1955இல், நம் வேலூர்ப் பகுதியில்தான். இதன் கிருமி கொக்கினங்களில் தங்கி, பன்றியின் குருதியில் பன்மடங்கு பெருகுகிறது. நெல்வயல் நீரில் வளரும் கியூலெக்ஸ் இனக் கொசு அதனை மனிதரிடம் கொண்டு சேர்க்கிறது. 2012இல் கடையநல்லூரை வாட்டிய டெங்குவின் கொசு வேறு. அது வீட்டுத் தொட்டியிலும் குடத்திலும் வளர்வது.

"அப்படியானால் வீட்டு மாட்டை விற்றுவிடலாமா?" என வினவும் சகோதரிகள் உண்டு. வேண்டியதில்லை. மாட்டின் உடலில் இக்கிருமி கொசுவுக்குத் தொற்றும் அளவு பெருகுவதில்லை. ஆனால் இக்கொசு பெரிதும் நாடுவது மாட்டின் குருதியையே. தொழுவத்தைத் தேடி வருவது, பக்கத்துக் கட்டிலில் உறங்கும் குழந்தையையும் கடிக்கும். ஆகவே தொழுவம் படுக்குமிடத்தை ஒட்டி இருத்தல் ஆகாது. மஃரிப் வேளையில் கதவு, சன்னல்களை அடைத்து, குழந்தைகளைக் கொசுவலைக்குள் படுக்க வைத்தல் வேண்டும்.

கிருமி தொற்றியோரில் மிகச் சிலருக்கே மூளை பாதிக்கப்படும். எனினும் அவர்களில் பத்துக்கு மூவர் வரை இறக்கக்கூடும். பிழைத்தோரில் பலருக்கு வலிப்பும் முடக்கமும் எஞ்சும். பெரும்பாலோர் சிறுவர்கள். கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை; தடுப்பூசி உண்டு. 2006 முதல் நோய் மிகுந்த மாவட்டங்களில் அரசு இலவசமாக அளித்து வருகிறது. கடுங்காய்ச்சலுடன் வலிப்போ மயக்கமோ கண்டால், பார்வை பார்க்கவும் ஓதிப் பார்க்கவும் நேரத்தைக் கழிக்காது மருத்துவமனைக்கு விரைக.

சவூதியில் உறவினரை உடையோர் இன்னொன்றையும் அறிதல் நலம். 2000இல் ஜீஸான் பகுதியிலும் யமனிலும் பரவிய ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலில் ஆடுமாடுகளே நோயுற்றன. கொசுக்கடியால் மட்டுமன்றி, நோயுற்ற பிராணியை அறுக்கும்போது படும் குருதியாலும் அது தொற்றும். குர்பானிப் பிராணி நோயற்றதாய் இருத்தல் வேண்டும் என்பதன் பயனை இங்கும் காணலாம்.

வயலுக்கு வருவோம். நீரை எந்நேரமும் தேக்காமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் புழுக்கள் மடியும். மதுரையிலிருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார் 1990களில் இதனையும், வேப்பம்புண்ணாக்கையும் வயல்களில் சோதித்துப் பார்த்தனர். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒருவர் வயலை வடித்து, அடுத்தவர் தேக்கி வைத்தால் பயனில்லை. ஒரே மடையில் நீர் பாய்ச்சுவோர் அனைவரும் ஒரே நாளில் வடிக்க இசைதல் வேண்டும்.