கடுகண்ணாவை ஏற எத்தனை வாழைப்பழம்?

ரம்புக்கனை ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம்கூட இல்லை. கடுகண்ணாவையோ 500 மீட்டருக்கு மேல். கண்டிக்கு வரும் ரயில் இந்த 400 மீட்டரை முக்கி முனகி ஏறுவதைக் கேட்காதவர் நம்மில் குறைவு. அதே உயரத்தைக் கண்டி வீதியில் சைக்கிளில் ஏறிவருகிறவரின் கணக்கைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். அதை 400 மீட்டர் உயர்த்தச் சுமார் 75 கிலோகலோரி போதும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கிறது. ஒரே பழத்தில் கடுகண்ணாவை! ஆனால் தசை அவ்வளவு சிக்கனம் தெரிந்ததல்ல. எரிக்கிற சக்தியில் கால்வாசிக்கும் குறைவுதான் பெடலுக்குப் போய்ச் சேருகிறது. காற்றுத்தடையை விட்டுவிட்டாலும் செலவு 300 கிலோகலோரியைத் தாண்டும். மூன்று நான்கு பழம் வேண்டும். பெடலுக்குப் போகாத பங்கெல்லாம் வெப்பமாகிறது.

அந்த வெப்பம்தான் தொல்லை. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரியை உடம்பிலிருந்து எடுத்துப் போகும். ஆனால் ஆவியாக வேண்டும். சொட்டித் தார்வீதியில் விழுந்த வியர்வையால் ஒரு பயனுமில்லை. கண்டியின் ஈரக்காற்று வியர்வையை எளிதில் ஏற்காது. சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிர்க்காற்றாவது உதவும். ஏற்றத்தில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறவருக்கு அதுவும் கிடையாது. கண்டி குளிரான ஊர் என்கிற கொழும்புக்காரர்கள் ஒருமுறை இந்த ஏற்றத்தை மிதித்துப் பார்க்கலாம்.

இது ஒரு ஏற்றத்தின் கதை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் செய்கிற டிரையத்லனில் என்ன நடக்கும்? 1978இல் ஹவாயில் 15 பேருடன் தொடங்கிய 'அயன்மேன்' போட்டியில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதித்து, அதன்பிறகு முழு மரதன் ஓட வேண்டும். அதில் பாதித் தூரப் போட்டி 2018இல் கொழும்பிலும் நடந்தது. முழுத் தூரத்துக்குப் பல ஆயிரம் கிலோகலோரி வேண்டும். ஒல்லியான வீரரின் உடம்பிலும் கொழுப்பாக 50,000 கிலோகலோரிக்கு மேல் கிடக்கும். அப்படியிருந்தும் அவர் பாதிவழியில் கால் துவண்டு நிற்கிறார். காரணம், கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். வேகத்துக்கு மாச்சத்து வேண்டும். தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாக இருக்கிற அதன் இருப்போ 2,000 கிலோகலோரியை ஒட்டியதுதான்.

ஆகவே போகிற வழியில் சாப்பிட வேண்டும். அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. குளுக்கோசை மட்டும் குடித்தால், மணிக்கு 60 கிராமளவில் குடலின் வாசல் நிரம்பிவிடும். பிரக்டோசுக்கு வேறு வாசல். இரண்டையும் கலந்து குடித்தால் 90 கிராம்வரை உள்ளே போகும். விலையுயர்ந்த ஜெல் பொட்டலங்களின் சூட்சுமம் இந்தக் கலவைதான். சாதாரணச் சீனியும் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். கித்துள் கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கிற நம் பழக்கத்தை எந்தப் பயிற்சியாளரும் குறைசொல்ல மாட்டார்.

இன்னும் விசித்திரமான ஒன்று உண்டு. பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட சோதனையில், சைக்கிள் வீரர்கள் மாச்சத்துக் கரைசலை விழுங்கவில்லை; வாயில் கொப்பளித்துத் துப்பினார்கள். ஒரு சொட்டுச் சக்தியும் இரத்தத்தில் சேரவில்லை. ஆனாலும் ஒரு மணிநேரச் சைக்கிள் ஓட்டத்தில் நேரம் ஏறக்குறைய 3 சதவீதம் மேம்பட்டது. சாப்பாடு வருகிறது என்று நாக்கு சொன்னதும் மூளை பிடியைத் தளர்த்திவிடுகிறது போலும். 2009இல் வேல்ஸில் நடந்த ஆய்வு இதன் மறுபக்கம். 90 நிமிடம் மூளையைக் கசக்கும் வேலை செய்துவிட்டு மிதித்தவர்கள் 15 சதவீதம் முன்னதாகவே களைத்து நின்றார்கள். இதயத்திலோ தசையிலோ அதற்கான காரணம் எதுவும் தென்படவில்லை. அதே மிதிப்பு அவர்களுக்கு இன்னும் கடினமாகத் தோன்றியது, அவ்வளவுதான். நாள் முழுக்க அலுவலகக் கணக்கோடு மல்லாடிவிட்டு மாலையில் பயிற்சிக்குப் போகிறவர், கால் சரியில்லை என்று நொந்துகொள்ள வேண்டியதில்லை.

மனம் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு நம்மிடமே ஒருவர் இருந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இருபுறமும் நீந்திக் கடந்தார், 51 மணிநேரம். 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணிநேரம் சைக்கிள் ஓட்டினார். ஏழு நாட்களுக்கும் மேல்! அங்கே பெரிய எதிரி தூக்கமாகத்தான் இருந்திருக்கும். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். அவருடைய மன உறுதியை மெச்சுகிறேன். பின்பற்றச் சொல்ல மாட்டேன்.

தாங்குதிறனை வளர்க்க மற்றவர்களுக்கு மெதுவான வழி இருக்கிறது. 1967இல் ஆய்வாளர் ஜோன் ஹொலோசி எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டு, அவற்றின் தசைக் கலங்களில் சக்தியை உண்டாக்கும் இழைமணிகளின் நொதியச் செயற்பாடு ஏறக்குறைய இரட்டிப்பானதைக் காட்டினார். இழைமணி பெருகப் பெருகக் கொழுப்பும் தாராளமாக எரியும், கிளைகோஜன் மிச்சமாகும். இதற்கு மூச்சிரைக்கும் வேகம் தேவையில்லை. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், கண்டி வாவியைச் சுற்றி மணிக்கணக்கில் ஓடினால் போதும். பெரிய வீரர்களின் பயிற்சியிலும் பெரும்பகுதி இப்படித்தான் சலிப்பூட்டுவதாக இருக்கும்.

ஹந்தானை மலையில் ஏறி ஓடுகிறவர் இறங்கவும் வேண்டுமே. இறக்கத்தில் சக்திச் செலவு குறைவு, ஆனால் தொடைத்தசை நீண்டபடியே உடம்பைத் தாங்குவதால் நுண்ணிய கிழிசல்கள் விழும். மறுநாள் படியிறங்கும்போது தெரியும். ஒருமுறை அந்த வலியைப் பட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை வெகு எளிதாகத் தாங்கிக்கொள்ளும். மலைப்போட்டிக்குத் தயாராகிறவர்கள் இரண்டு மூன்று வாரம் முன்பே ஒரு நல்ல இறக்கத்தில் ஓடிவைப்பது இதனால்தான்.