புதிய ஊரும் பழைய நிலமும்
ஓசூர் எல்லைப் பகுதியின் குடியேற்ற உழவர் வாழ்வு: ஓர் ஒப்பாய்வு

ஊர்ப்பெயர்கள் வரலாற்றுக்குச் சான்றாவன என்பது டாக்டர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் 'தமிழகம் ஊரும் பேரும்' (1946) என்னும் நூலால் தமிழுலகம் நன்கறிந்த உண்மையாகும். எனினும், எச்சான்றும் தான் கண்டதையே கூறும், காணாததைக் கூறாது. ஊர்ப்பெயர் எதனைக் கூறுகிறது, எதனைக் கூறாது விடுகிறது என்னும் வினாவை ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதியைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரின் பொருள்

ஓசூர் என்பது 'ஹொச ஊரு' என்னும் கன்னடத் தொடரின் தமிழ் வடிவம். 'ஹொச' என்பதன் பழைய வடிவம் 'பொச' என்பதாகும். தமிழில் மொழிமுதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் ஹகரமாகத் திரிந்தது. பால் 'ஹாலு' என்றும், பள்ளி 'ஹள்ளி' என்றும் ஆயினமை காண்க. எனவே தமிழின் 'புது'வும் கன்னடத்தின் 'ஹொச'வும் ஓரினச் சொற்களே. ஓசூர் என்பதற்கும் புத்தூர் என்பதற்கும் பொருள் ஒன்றே.

தெலுங்கர் இப்பொருளைக் 'கொத்த' என்னும் வேறொரு சொல்லால் குறிப்பர். மத்திகிரியை அடுத்த கொத்தகொண்டப்பள்ளி என்னும் பெயரில் இவ்வடை முன்னிற்கிறது. மூக்கண்டப்பள்ளி, பேரண்டப்பள்ளி எனப் 'பள்ளி' ஈறு இவண் பயில, தெற்கே தருமபுரிப் பக்கத்தில் அதுவே மாரண்டஅள்ளி முதலிய பெயர்களில் 'அள்ளி' என ஒலிக்கிறது. மும்மொழியும் கலந்து வழங்கும் இந்நிலத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் அனைவரும் பிற்காலத்தே வந்து குடியேறியவர் எனல் பொருந்தாது. எல்லைப் புறத்தில் மொழிகள் வேலியிட்டுக்கொண்டு வாழ்வதில்லை. ஆயினும், விசயநகர ஆட்சியும் அதன் வழிவந்த நாயக்கர் ஆட்சியும் தெலுங்கு உழவர் பலரைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தன என்பதில் ஐயமில்லை.

இனி, புதிய ஊர் எனப்பட்ட ஓசூர் உண்மையில் புதியதோ எனின், அன்று. அவ்வூர் மலைமேல் அமைந்த சந்திரசூடேசுவரர் கோயிற் கல்வெட்டுகள் அதனைச் செவிடபாடி என வழங்குகின்றன. பழைய ஊர் ஒன்றன்மேல் புதிய ஊர் என்னும் பெயர் வந்து அமர்ந்தது. வந்தவருக்கு அது புதிது, நிலத்துக்குப் புதிதன்று. இவ்வேறுபாடே குடியேற்ற வரலாறு முழுமைக்கும் திறவுகோலாகும்.

2. குடும்பமும் பெயரும்

குடியேறும் உழவன் தன்னுடன் எடுத்துச் செல்வன மிகச் சில: விதை, கருவி, கால்நடை, தெய்வம், பெயர். இவற்றுள் நெடுநாள் நிலைப்பது பெயரே. தெலுங்குக் குடும்பங்கள் 'இண்டிபேரு' எனப்படும் வீட்டுப் பெயரைப் பல தலைமுறையாகப் போற்றி வருகின்றன. அப்பெயர்களுட் பல, முன்னோர் விட்டு வந்த ஊர்களின் பெயர்களாம். மணவுறவை முடிவு செய்தற்கும் அது துணையாவதால், ஊர் மறந்த பின்னும் ஊர்ப்பெயர் மறவாது நிற்கிறது.

இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது, அமெரிக்காவிற் குடியேறிய நார்வே உழவரின் வழக்கம். நார்வே நாட்டில் பயிரிடத்தக்க நிலம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவினதே. 1825-ஆம் ஆண்டு சூலையில் 'ரெசுடோரேசன்' என்னும் சிறு கப்பல் 52 பேருடன் சுடவாங்கர் துறையினின்று புறப்பட்டு அக்டோபரில் நியூயார்க்கை அடைந்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டிற்குள் ஏறத்தாழ எட்டு இலட்சம் மக்கள் அந்நாட்டினின்று வெளியேறினர். நார்வேயில் மக்கள் தாம் வாழும் பண்ணையின் பெயரைத் தம் பெயரோடு இணைத்தல் மரபு. பண்ணை மாறின் பெயரும் மாறும். கடல் கடந்த பின்னர்ப் பலர் தாம் விட்டு வந்த பண்ணையின் பெயரையே நிலையான குடிப்பெயராகக் கொண்டனர். அங்ஙனம் பிறந்த ஊரின் பெயரைத் தன் பெயராக்கிக் கொண்டவருள் ஒருவரே புதின ஆசிரியர் ஓ. இ. ரோல்வாக் (1876-1931). நிலத்தை இழந்தவன் அதன் பெயரையேனும் காத்துக்கொள்கிறான் என்னும் உண்மை ஈரிடத்தும் ஒன்றே.

3. இரு புதினங்கள்

இவ்வாழ்வை உள்நின்று காட்டும் புதினங்கள் இரண்டு. ஒன்று, ரோல்வாக் நார்வே மொழியில் 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டு, 1927-இல் ஆங்கிலத்தில் வந்த புதினம். மற்றொன்று, கி. ராசநாராயணன் அவர்களின் 'கோபல்ல கிராமம்' (1976). முன்னதன் களம் தகோட்டாப் புல்வெளி. பின்னதன் களம் தென்பாண்டிக் கரிசல். ஓசூரைப் பற்றியன அல்ல இவை. எனினும், ஓசூரின் பெயர் சொல்லாது விட்டதைச் சொல்வன.

ரோல்வாக் படைக்கும் பெர் ஹன்சா, மரமற்ற வெளியில் புல்வேரோடிய மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டுகிறான். ஒருவன் மனைக்கும் அடுத்தவன் மனைக்கும் இடையே நெடுந்தொலைவு. வெட்டுக்கிளியும் பனிப்புயலும் அவனை வருத்துகின்றன. அவன் மனைவி பேரத்துக்கோ மறைந்துகொள்ள ஒரு மரமும் இல்லாத அவ்வெளியே பகை. கணவனுக்கு உரிமையாகத் தோன்றிய நிலம் மனைவிக்கு அச்சமாகத் தோன்றியது. 'கோபல்ல கிராம'த்திலோ பெண் அச்சத்தின் உருவாக அன்றி நினைவின் உருவாக நிற்கிறாள். நூறாண்டு கடந்த மங்கத்தாயாரு அம்மாளே, தெலுங்கு நாட்டினின்று ஓடிவந்த கதையையும், காட்டைத் தீயிட்டு அழித்து நிலமாக்கிய கதையையும் வழிவழியினர்க்கு உரைக்கிறாள். உழவைச் செய்தவர் ஆடவரும் பெண்டிரும் ஆயினும், அதனைக் கதையாக்கிக் காத்தவள் மூதாட்டியே என்பது கருதத்தக்கது.

பெர் ஹன்சா தன் அயலார் நிலத்தில், முன்னரே வந்தோர் பெயர் பொறித்து நட்ட எல்லை முளைகளைக் காண்கிறான். ஒருவரும் அறியாவண்ணம் அவற்றைப் பிடுங்கி எரித்துவிடுகிறான். அஃதறிந்த பேரத்து, எல்லை பெயர்த்தலினும் கொடிய பாவம் இல்லை என நடுங்குகிறாள். அக்குடியிருப்பை அடுத்த குன்றிலோ தொல்குடியினன் ஒருவனின் புதைகுழி உள்ளது. முளையைப் பிடுங்கலாம், குழியை என் செய்வது? புதினத்தின் ஆழமான வினா இதுவே என்க.

4. சட்டமும் முன்னிருந்தோரும்

இவ்வினாவுக்குச் சட்டம் தந்த விடை எளிது: உழுதவனுக்கே நிலம். 1862-ஆம் ஆண்டு மே மாதம் நிறைவேறிய அமெரிக்க மனைநிலச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிரிடுவோனுக்கு 160 ஏக்கர் வழங்கியது. அதே ஆண்டு ஆகத்தில் மினசோட்டாவில் தகோட்டா மக்களுக்கும் அரசுக்கும் போர் மூண்டது. குடியேறிய உழவர் பலர் மாண்டனர். திசம்பர் 26-ஆம் நாள் தகோட்டா இனத்தார் 38 பேர் ஒருங்கே தூக்கிலிடப்பட்டனர். நிலம் வழங்கிய ஆண்டும் நிலம் பறித்த ஆண்டும் ஒன்றே.

இங்கோ பாராமகால் 1792-இல் கும்பெனியார் கைக்கு வந்தது; ஓசூர்ப் பகுதி 1799-இல் வந்தது. அலெக்சாந்தர் ரீடும் அவர்கீழ்ப் பணியாற்றிய தாமசு மன்றோவும் பாராமகாலில் நிலத்தை அளந்து, உழவனோடு நேரே வரி முடிவு செய்யும் முறைக்கு வித்திட்டனர். அதுவே பின்னர் இரயத்துவாரி எனப் பெயர் பெற்றது. உழுதவன் பெயர் பட்டாவில் ஏறிற்று. தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் வாழ்ந்தவன் பெயர் எந்தப் பட்டாவிலும் ஏறவில்லை. 1882-இல் வந்த சென்னைக் காட்டுச் சட்டத்தால், அவன் திரிந்த காடு அரசின் உடைமையாயிற்று. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளை ஒட்டி வாழும் இருளர் இத்தகையோர். காட்டில் வாழ்வோர் உரிமையைச் சட்டம் ஏற்க 2006 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்நிலத்தின் பழைமையோ மிக நெடிது. மல்லச்சந்திரத்துக் குன்றின்மேல் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி. மு. 2172 எனக் கணிக்கப்பட்டமை 2022-இல் அறிவிக்கப்பெற்றது. காடழித்து நாடாக்கியமைக்காகக் கரிகாலனைப் பட்டினப்பாலை புகழ்கிறது. அப்புகழ்ச்சி உழவனின் குரல். காட்டில் வாழ்ந்தவன் பாடியிருப்பின் அது வேறு பாட்டாக இருந்திருக்கும்.

இதனாற் குடியேறிய உழவனின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடல் வேண்டா. பாறையைப் பெயர்த்து ஏரி கட்டி, கேழ்வரகும் அவரையும் கொள்ளும் விளைத்தவன் அவனே. அவன் கதை பொய்யன்று, பாதி மெய். மறுபாதியைத் தேடுதல் ஆராய்ச்சியாளர் கடனாகும்.

5. இற்றை நிலை

1970-கள் தொட்டு ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. உந்துவண்டி, கைக்கடிகாரம் முதலியன செய்யும் ஆலைகள் வந்தன. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. கேழ்வரகுக் கொல்லைகள் மனைப்பிரிவுகளாகின்றன. வடமாநிலத் தொழிலாளர் வந்து தங்குகின்றனர். அவர்க்கு இன்றைய ஓசூர் மீண்டும் ஒரு புதிய ஊர். செவிடபாடியை ஓசூர் மறைத்தவாறே, மனைப்பிரிவின் 'நகர்' என்னும் பெயர் கொல்லையின் பெயரை மறைக்கிறது.

ஊர்ப்பெயர் அரசு ஏட்டில் உண்டு, கல்வெட்டிலும் உண்டு. ஆனால் கொல்லைப் பெயர், கிணற்றுப் பெயர், பாறைப் பெயர், வீட்டுப் பெயர் ஆகியன முதியோர் நாவில் மட்டுமே உள்ளன. நில அளவை எண் அவற்றை அறியாது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழியிலும், இருளர் வழக்கிலும் வழங்கும் இப்பெயர்களை ஊர்தோறும் தொகுத்தல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அங்ஙனம் தொகுப்போர் ஒவ்வோர் ஊரிலும், 'இவ்வூரை யார் கட்டினார்?' என்று வினவுவதோடு அமையாது, 'அதற்கு முன் இவ்விடத்தை எவ்வாறு அழைத்தனர்?' என்றும் வினவுதல் வேண்டும். முதல் வினாவுக்கு விடை கூறுவோர் பலர். இரண்டாம் வினாவுக்கு விடை கூறவல்லார் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர்.