கொடுத்துவிட்டேனா, விட்டுக்கொடுத்தேனா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் பூ வாங்கிவிட்டு, தேக்கா நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகள் திடீரென்று, "அம்மா, நாளைக்கு வொர்க்‌ஷீட் 'பாஸ் அப்' பண்ணணும்!" என்று பதறினாள். எனக்குப் பழைய காயம் ஒன்று நினைவுக்கு வந்தது.

வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு அது. லண்டன் வாடிக்கையாளர் ஒருவர் எங்களிடம் திட்ட முன்மொழிவு கேட்டிருந்தார். அதை 'பாஸ் அப்' செய்வோம் என்று ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன். சமர்ப்பிப்போம் என்பது என் எண்ணம். "வேண்டாம் என்கிறீர்கள், வருத்தம்தான். வேறு நிறுவனத்தைப் பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தது. மேலாளர் தொலைபேசியில் விளக்குவதற்குள் வேலை கைமாறிவிட்டது.

சிங்கப்பூர், மலேசிய வகுப்பறைகளில் 'பாஸ் அப்' என்றால் ஒப்படைப்பது. கடைசி வரிசையிலிருந்து நோட்டுகள் கைமாறி ஆசிரியர் மேசைக்குப் போகும் காட்சிதான் என் மனத்தில் நிற்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதே சொல், கிடைத்த வாய்ப்பை வேண்டாமென்று விடுவதைக் குறிக்கும் பேச்சுவழக்கு. வேலையை, பயணத்தை, விருந்தில் இனிப்பை 'பாஸ் அப்' செய்யலாம். வீட்டுப்பாடத்துக்கு 'ஹேண்ட் இன்' அல்லது 'சப்மிட்'தான் சரி.

தமிழிலும் இப்படி உண்டு. 'கொடு', 'விடு' என்று இரண்டே சொற்கள். 'கொடுத்துவிடு' என்றால் பொருள் உரியவர் கைக்குப் போகிறது. 'விட்டுக்கொடு' என்றால் நமக்குரியதை இழக்கச் சம்மதிக்கிறோம். நான் எழுதியது முதலாவது. லண்டனில் படித்தது இரண்டாவது.

2000ஆம் ஆண்டில் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் தொடங்கிவைத்த 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' இயக்கத்தின் நோக்கம், உலகெங்கும் புரியும் ஆங்கிலம். அதற்காக நம் ஊர்ப் பேச்சையே துறக்க வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் எந்த ஊர்க்காரர் என்று பார்த்துப் பேசினால் போதும். அலுவலக மின்னஞ்சலில் 'சப்மிட்', 'டிக்ளைன்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதுவது இன்னும் பாதுகாப்பு.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவள், "அப்போ லண்டன்ல இருந்தா வொர்க்‌ஷீட்டை வேண்டாம்னு சொல்லிடலாமாம்மா?" என்றாள்.

தேநீரை முடித்தோம். வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அதைச் செய்ய உட்கார வைத்தேன்.