வேலியே பயிரை மேய்ந்தால்

கூலிம் வட்டாரத் தோட்டம் ஒன்றில், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துவந்த தாயார் ஒருவர், "எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதற்கென்றே என் தம்பிக்கு மருந்து ஏற்றுகிறார்கள். இது என்ன வைத்தியம், ஐயா?" என்று கேட்டார். எதிர்ப்பு ஆற்றல் மிகுந்திருப்பதே நலம் என்று கற்பித்துவரும் நாம், இதற்கு விடை அறிந்திருத்தல் வேண்டும்.

அவர் தம்பிக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய். பாரிஸ் மருத்துவர் ஷார்கோ 1868-ஆம் ஆண்டில் இதனைத் தனியொரு நோயாகப் பிரித்து விளக்கினார். குளிர்நாடுகளில் மிகுதி, மலேசியாவில் அரிது.

மின்கம்பிக்கு ரப்பர் உறை இருப்பதுபோல், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளுக்கு மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. கிருமிகளைத் தாக்கவேண்டிய வெள்ளணுக்கள், இவ்வுறையையே பகையெனக் கருதித் தாக்குகின்றன. உறை சிதைந்த இடத்தில் செய்தி தடைப்படும். பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும்.

வேலியே பயிரை மேய்ந்தால், வேலியைத்தான் அடக்கவேண்டும். மருந்துகள் இதனைப் பல வழிகளில் செய்கின்றன. ஃபிங்கோலிமோட் மாத்திரை, வெள்ளணுக்கள் நிணநீர்க் கணுக்களை விட்டு வெளியேறாதபடி நிறுத்திவைக்கும். நட்டாலிசுமாப், அவை இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் வழியை அடைக்கும். 2017-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஓக்ரலிசுமாப், வெள்ளணுக்களில் பி அணுக்கள் என்னும் பிரிவைக் குறிவைத்து அழிக்கும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை இரத்தக் குழாய் வழியே ஏற்றப்படும்.

இவை சிதைந்த உறையைப் புதுப்பிப்பன அல்ல. மேலும் சிதையாமல் காக்க முயல்வன. ஆகவே, நடை தேறவில்லையே என்றோ, நோய் போய்விட்டது என்றோ எண்ணித் தாமாக மருந்தை நிறுத்துதல் கேடு. சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னினும் கடுமையாகத் திரும்பக்கூடும்.

காவலை அடக்குவதால் தொற்று எளிதில் பற்றும். அதனாலேயே காசநோய், பி வகை மஞ்சட்காமாலை ஆகியன உள்ளனவா என்று முன்கூட்டியே சோதிக்கின்றனர். காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரை நாடவேண்டும். எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்று விற்கப்படும் தூளையும் லேகியத்தையும் அன்பினால் வாங்கித் தருவோர், மருத்துவரைக் கேட்ட பின்பே தருதல் வேண்டும்.

எதிர்ப்பு ஆற்றல் மிகுந்திருந்தால் மட்டும் போதாது. தன்னையும் பகையையும் அது பிரித்தறியவும் வேண்டும். இதனையும் இனி நம் வகுப்பில் சேர்த்துச் சொல்வோமாக.