காட்டோர விடுதியில் அறை போடும் முன்

மசினகுடியில் அறை தேடிப் போன் செய்கிறவர்கள் வாடகைக்கு அடுத்தபடியாகக் கேட்பது இதைத்தான்: “விலங்கு ஏதாவது பாக்க முடியுமாங்க?” மறுமுனையில் தயங்காமல் பதில் வரும்: “ராத்திரி ரூம் வாசலுக்கே யானை வரும் சார்.” கேட்டவர் மகிழ்ந்துபோய் முன்பணம் அனுப்பிவிடுவார்.

காட்டு யானை வாடிக்கையாக விடுதி வாசலுக்கு வருகிறதென்றால் பெரும்பாலும் இரண்டில் ஒரு காரணம் இருக்கும். அது காலங்காலமாக நடந்த பாதையில் அந்த அறையைக் கட்டியிருப்பார்கள். இல்லையென்றால் உப்புக்கட்டி வைத்து, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சமையல் கழிவைக் குழியில் கொட்டி அதை வரப் பழக்கியிருப்பார்கள். முதலாவது உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பான விவகாரம். இரண்டாவது அப்பட்டமான விதிமீறல். இரண்டுக்கும் பணம் கொடுப்பவர் விருந்தாளி. ஆகவே விவரம் முதலில் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

சீகூர் பீடபூமியை வரைபடத்தில் பாருங்கள். தெற்கே நீலகிரி மலைச்சரிவு செங்குத்தாக எழும்புகிறது. வடக்கே மாயாறு ஆழமான பள்ளத்தாக்கைக் குடைந்துகொண்டு ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒடுக்கமான சமவெளிதான் மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கிறது. மேற்கே முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு. கிழக்கே சத்தியமங்கலம். ஆசிய யானைகள் உலகிலேயே அதிகமாக வாழும் நிலப்பரப்பு இது. மழையும் புல்லும் இடம் மாற, யானைகளும் இந்தச் சமவெளி வழியாக இடம் மாறுகின்றன. அவை மலைச்சரிவில் ஏற முடியாது, பள்ளத்தாக்கில் குதிக்க முடியாது. மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் ஆகிய ஊர்கள் இந்த ஒடுக்கத்தில்தான் இருக்கின்றன. விடுதிகள் பெருகியதும் இங்கேதான்.

தமிழக அரசு 2010-ல் இதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் சரியென்றது. விடுதி உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 27 விடுதிகளுக்கு சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 14 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது: வழித்தட அறிவிப்பு செல்லும், கட்டடங்கள் அகற்றப்பட வேண்டும், தனிப்பட்ட ஆட்சேபங்களை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு விசாரிக்கும். முள்வேலியும் மின்வேலியும் யானைகளைத் தடுப்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது.

தீர்ப்பு வந்த மூன்றே மாதத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021 ஜனவரியில், மசினகுடியை அடுத்த மாவனல்லாவில் உரிமம் இல்லாமல் நடந்த ஒரு தங்கும் விடுதியிலிருந்து எரியும் பொருளை ஒரு யானையின் மேல் எறிந்தார்கள். காதில் நெருப்போடு அது பிளிறியபடி இருட்டில் ஓடும் காட்சி நாடெங்கும் பரவியது. அது பரவுவதற்கு முன்பே, தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் அந்த ஆண் யானை இறந்துவிட்டது. கைதுகள் நடந்தன, விடுதிக்கும் சீல் வைத்தார்கள். வாசலுக்கு யானை வருவது விருந்தாளிக்கு வேடிக்கை. விருந்தாளி இல்லாத இரவில் அதே யானை விடுதிக்காரருக்குத் தொல்லை. அந்தத் தொல்லையின் முடிவைத்தான் அன்று பார்த்தோம்.

அப்படியானால் காட்டோர விடுதியே கூடாதா? கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 2018-ல் சீல் வைத்தபோது உரிமையாளர்களுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். சமைத்தவர், துணி துவைத்தவர், தோட்டம் பார்த்தவர், ஜீப் ஓட்டியவர் ஆகியோருக்கு அன்றோடு கூலி நின்றது. ஊர்க்காரர்களுக்குப் பிழைப்பு வேண்டும். அது காட்டை அழிக்காத பிழைப்பாக இருக்க வேண்டும். என் கருத்து எளிமையானது: விடுதி விற்பது காட்டையும் விலங்கையும். அவை விடுதியின் சொத்து அல்ல. ஆகவே அது வாடகை தரக் கடமைப்பட்டிருக்கிறது.

இதை நடைமுறையில் செய்துகாட்டிய இடம் கென்யாவின் மசாய் மாரா. அங்கே தேசியக் காப்பகத்தைச் சுற்றியிருந்த மசாய் மக்களின் கூட்டு மேய்ச்சல் நிலங்கள் தனித்தனிப் பட்டாக்களாகப் பிரிக்கப்பட்டன. ஆளுக்கொரு வேலி போட்டால் காட்டெருமையும் வரிக்குதிரையும் யானையும் நடமாட வழியிருக்காது. 2000-களின் நடுப்பகுதியிலிருந்து நில உரிமையாளர்கள் துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்து, விடுதி நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடத் தொடங்கினார்கள். நபோய்ஷோ என்ற காப்பகம் 2010-ல் உருவானது: 500-க்கும் மேற்பட்ட நில உரிமையாளர்கள், சுமார் 50,000 ஏக்கர். வேலி போடுவதில்லை, புது வீடு கட்டுவதில்லை, மாடுகளை முறை வைத்து மேய்க்கிறார்கள். விடுதிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு: 350 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்ற கணக்கு.

இந்த ஏற்பாட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது குத்தகைப் பணம் கைமாறும் விதம். விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும், ஏக்கர் கணக்கில் நிலையான தொகை உரிமையாளரின் கணக்குக்கே போகிறது. முன்பெல்லாம் சுற்றுலா வருமானம் கூட்டு நிலத்தின் நிர்வாகிகள் வழியாக வரும், பலருக்குக் கைக்கு எட்டாது. வருமானம் உறுதியான பிறகு, சிங்கம் மாட்டை அடித்தாலும் அந்தச் சிங்கத்தால் வருகிற பணம் வீட்டில் இருக்கிறது என்ற நிலை வந்தது.

குறைகளும் உண்டு. 2020-ல் கொரோனாவில் விடுதிகள் மூடியதும் குத்தகைப் பணம் வெட்டப்பட்டது, ஒரே வருமானத்தை நம்பியவர்கள் தவித்தார்கள். பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் என்பதால் பெண்களுக்குப் பணமும் இல்லை, கூட்டத்தில் குரலும் குறைவு. பின்பற்ற நினைப்பவர்கள் இவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சீகூரில் அவ்வளவு நிலம் ஊர்மக்கள் கையில் இல்லை. ஆனால் வாடகை என்ற கொள்கைக்கு நம் விதிகளிலேயே இடமிருக்கிறது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012 அக்டோபரில் வெளியிட்ட சுற்றுலா வழிகாட்டுதல்கள், காப்பகங்களை ஒட்டிய சுற்றுலாத் தொழிலிடம் மாநில அரசு பாதுகாப்புக் கட்டணம் வசூலித்து உள்ளூர் மக்களுக்கும் காட்டுக்கும் செலவிட வேண்டும் என்கின்றன. ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் உள்ளூர் ஆலோசனைக் குழு அமைத்து, விடுதிகளின் கட்டுமானம், கழிவு, சத்தம், வேலை பார்ப்போர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கண்காணிக்கச் சொல்கின்றன. உங்கள் ஊரில் அந்தக் குழு எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது, கட்டணம் எவ்வளவு வசூலாகி எங்கே போனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம். கேட்க வேண்டும்.

இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் ஊர்களுக்கு இன்னும் வலுவான பிடி இருக்கிறது. வன உரிமைச் சட்டம் 2006, சமூகக் காட்டு வளத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. தேன், கடுக்காய் போன்ற சிறு வனப்பொருள்கள் மீது உடைமை தருகிறது. காட்டையும் விலங்கையும் நீர்நிலையையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபையிடம் ஒப்படைக்கிறது. காப்பகத்தின் வெளிவட்டத்தை வரையறுக்கும்போதும் கிராம சபையைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். புலிக்காக மக்களை இடம்பெயர்த்த நிலத்தை வேறு பயனுக்கு மாற்றவும் கூடாது. ‘ஊரைக் காலிசெய்துவிட்டு அங்கே விடுதி’ என்ற பேச்சு எழுந்தால் அன்றே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 அக்டோபரில் எம்டிடி 23 என்ற புலியைச் சுட்டுக்கொல்லாமல் உயிருடன் பிடித்தார்களே, நாள்கணக்கில் அதன் தடம் பார்த்தவர்களில் இந்த ஊர்ப் பழங்குடியினரும் இருந்தார்கள். ஈர மண்ணில் பதிந்த காலடியைப் பார்த்து ஆணா பெண்ணா, எப்போது போனது என்று சொல்லத் தெரிந்தவருக்கு விடுதியில் புல் வெட்டும் வேலை தருவது அநியாயம். வழிகாட்டி வேலையும் அதற்கேற்ற சம்பளமும் அவருக்கு உரியவை. இரவு வேலை முடித்துத் திரும்புகிறவரை வீடுவரை வண்டியில் கொண்டுவிடுவது விடுதியின் பொறுப்பு. வேலையின்போது யானை தாக்கினால், அரசு தரும் நிவாரணம் தனி. முதலாளியிடம் கேட்கக்கூடிய தொழிலாளர் இழப்பீடு தனி. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்க விடாதீர்கள். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பில்லாமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

காட்டுக்காக விடுதி செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. வேலியைப் பிரித்தெடுக்கலாம். பாலும் காய்கறியும் தேனும் ஊரில் வாங்கலாம். கழிவைக் குழியில் கொட்டாமல் காட்டுக்கு வெளியே அனுப்பலாம். ராத்திரியில் விளக்கையும் ஸ்பீக்கரையும் அணைக்கலாம். உண்ணிச்செடி முதுமலையில் புல்லை மூடிப் படர்ந்து கிடக்கிறது. அதை வெட்டி எடுக்க ஊர்மக்களுக்குக் கூலி தரலாம். கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் அந்த உண்ணிக்குச்சியை வளைத்துச் செய்த ஆளுயர யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. அவர்களிடம் நாற்காலியும் மேசையும் வாங்கிப் போட ஒரு விடுதிக்கு என்ன தடை?

விதிமீறலைப் பார்த்தால் எங்கே போவது? மின்வேலி, விலங்குக்குத் தீனி போடுதல், தனியார் ஜீப்பில் இரவுச் சவாரி, டார்ச் அடித்து விலங்கு தேடுதல் ஆகியவற்றுக்கு வனச்சரக அலுவலகத்திலும், காப்பகக் கள இயக்குநரிடமும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அனுமதியில்லாக் கட்டடமென்றால் ஊராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு. கழிவுநீர், நீர்நிலை, காட்டு நிலம் சார்ந்தவற்றுக்குச் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். தேதி, நேரம், இடம் தெரியும்படி ஒரு படம் இருந்தால் புகாருக்கு வலு.

விருந்தாளிக்கும் விதி உண்டு. 2012 வழிகாட்டுதல்களின்படி வண்டிக்கும் விலங்குக்கும் இடையே குறைந்தது 20 மீட்டர் இருக்க வேண்டும். விலங்கைப் பார்க்கும் இரு வண்டிகளுக்கு நடுவே 50 மீட்டர். ஒரே விலங்கை 15 நிமிடத்துக்கு மேல் ஒரு வண்டி பார்த்துக்கொண்டே நிற்கக் கூடாது. “கொஞ்சம் கிட்ட போங்கண்ணா” என்று ஓட்டுநரை நச்சரிக்காதீர்கள். மாட்டினால் வேலை போவது அவருக்கு.

அடுத்த முறை போன் செய்யும்போது, விலங்கு வருமா என்று கேட்பதற்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள்: உரிமம் இருக்கிறதா, எந்தத் துறை கொடுத்தது? இடம் வழித்தட எல்லைக்குள் வருகிறதா? வேலி என்ன வேலி? வேலை பார்ப்பவர்களில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர், வழிகாட்டி யார்? குப்பை எங்கே போகிறது? இரவில் ஜீப் சவாரி உண்டா? கடைசிக் கேள்விக்கு “உண்டு சார், நாங்க ஏற்பாடு பண்றோம்” என்று பதில் வந்தால் அந்த விடுதிக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.